வரவேற்புரையின் கடைசி வரி

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி டீச்சராகச் சேர்ந்தேன். படிப்பு முடித்த கையோடு வந்தவள். பாதி மாணவி, முழுத் திமிர். எழுதியதைத் திரும்பப் படிப்பது மந்தமானவர்கள் வேலை என்று நினைப்பு.

ஜப்பானிய அதிகாரி பள்ளியைப் பார்க்க வருகிறார், வரவேற்புரை எழுது என்றார் பெரிய வாத்தியார். உடனே எழுதி நீட்டினேன்.

"திரும்பப் படிச்சுப் பாத்தியாம்மா? என் கண்ணாடிதான் ஒடஞ்சு கெடக்கே."

"எழுதறப்பவே படிச்சுட்டேன் சார். எல்லாம் சரியாத்தான் இருக்கும்லா."

மறுநாள் காலை அதிகாரி வாளோடு வந்து நின்றார். மொழிபெயர்க்க ஒரு சிரம்பான் தமிழர் கூட வந்திருந்தார். எல்லாரும் கிழக்கே பார்த்து ஜப்பானியச் சக்கரவர்த்திக்குக் குனிந்தோம். குனிந்தபடியே கையிலிருந்த தாளைப் பார்த்தேன். கடைசி வரி: 'மாட்சிமை தங்கிய இங்கிலாந்து மன்னர் நீடூழி வாழ்க!'

வெள்ளைக்காரத் துரைக்கு வரவேற்புரை என்று சின்ன வகுப்பிலிருந்து எழுதிப் பழகிய முடிப்பு. கை தானாகப் போட்டுவிட்டது. எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்த மன்னர் படம் வீட்டில் இருந்ததற்காகப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியை லோரியில் ஏற்றிப் போனார்கள், ஆள் திரும்பவில்லை. வரியை வாசிக்காமல் விடலாம். ஆனால் வாசித்த தாளை விருந்தாளி கையில் கொடுப்பதுதானே வழக்கம்? என் தலையோடு பெரிய வாத்தியார் தலையும் போகும்.

வாசித்தேன். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தி, வேர்த்த பெருவிரலால் அதை அழுத்தித் தேய்த்தேன். அதிகாரி கையை நீட்டினார்.

"ஐயா, மை கலஞ்சிருச்சுங்க. இத அதிகாரித் துவான் கையில குடுத்தா மரியாத இல்ல. வேற எழுதித் தந்துர்றேன்," என்றேன் மொழிபெயர்ப்பாளரிடம்.

அவர் தாளை எட்டிப் பார்த்தார். மை முழுதாக மறையவில்லை. முகம் வெளுத்து, அதிகாரியிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். அதிகாரி நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்தார்.

"சீக்கிரம் எழுதும்மா. நல்லாப் படிச்சுப் பாத்துக் குடு," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

எழுதினேன். படித்தேன். ஒவ்வொரு சொல்லும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது. மறுபடி படித்தேன். அதிகாரி மேசையைத் தட்டினார். கடவுளே என்று இன்னொரு முறையும் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். அந்த மனுஷன் அதைப் பார்க்கக்கூட இல்லை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பழைய தாளை அடுப்பில் போட்ட பிறகுதான் அழுதேன்.

இப்போது எழுத வரும் பிள்ளைகளுக்கு, திருத்தினால் எழுத்து அழகாகும் என்று சொல்லித் தருகிறார்கள். நான் உயிர்ப் பயத்தில் கற்றேன். ஓய்வு பெறும்வரை ஒரு லீவுக் கடிதம் எழுதினால்கூடக் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன். அப்போதும் அடிவயிறு கலங்கும். கலங்கட்டும். கலங்காத நாளில்தான் கை தன் பாட்டுக்கு எழுதும்.