மாதா படத்தின் மேல் வாங்கிய சத்தியம்

அக்கா உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றாள். பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பது அவள் வேலை. தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வர வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் பேசத் தெரியாது. பாசிக்குப் போகிற பெண்களெல்லாம் அவளோடு சுற்றினார்கள். கடலில் அவளோடு ஜோடியாக இறங்கும் தோழி வேகாத வெயிலில் வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டாள். அக்கா ஜெயித்துவிடுவாள் என்றே நம்பினேன்.

எதிர்த்து நின்றவர் ஐஸ் கம்பெனி முதலாளி. அவர் தெருவுக்கே வரவில்லை. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் பட்டப்பகலில் அவருடைய ஆட்கள் கவரோடு வந்தார்கள். வேட்பாளர் வீடு என்று தெரிந்தும் எங்கள் வாசலில் நின்றார்கள்.

"ஒங்களுக்கும் ஒரு ஓட்டு இருக்குல்லக்கா. யாரையும் விட்றக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிருக்காரு" என்றான் ஒருவன், கல்யாணப் பத்திரிகை நீட்டுகிற பணிவோடு. அக்கா கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் தோழி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கவர் கொடுத்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் மாதா படத்தை எடுத்துவரச் சொல்லி, அதன் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்களாம். அவளும் வாங்கியிருந்தாள். திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றேன்.

"பணத்தத் திருப்பிக் குடுத்துறலாம். சத்தியத்த எங்கன போயிக் குடுக்க?" என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

அக்கா தோற்றாள். தெருவே சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தது. ஓட்டை விற்றது கூடப் பரவாயில்லை, விற்றபிறகு அத்தனை பேரும் நாணயமாக நடந்துகொண்டதை நினைத்தால்தான் இன்றும் அருவருக்கிறது.

கோடையில் தண்ணீர் லாரியும் நின்றுபோக, பெண்கள் முதலாளியிடம் போய் நின்றார்கள். அதான் அப்போதே கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்று கேட்டாராம். அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா மனு எழுத உட்கார்ந்தாள். அடுத்த திங்கட்கிழமை அவர்களைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு கிளம்பினாள். தோழியும் பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து போனாள். நான் போகவில்லை.

"நீ எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அவளுக்கும் தண்ணி தவிக்கும்ல" என்றாள் அக்கா.

பலமுறை அலைந்து ஒருவழியாகக் குழாய் வந்தது. திறந்துவைக்க முதலாளி வந்தார். எங்கள் தெருப் பெண்களே ஆரத்தி எடுத்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தட்டிலும் ஒரு நோட்டைப் போட்டார்.