ஏரலிலிருந்து வந்த சளி

தூத்துக்குடியில் அம்மை பரவிய வருஷம் அது. யுத்தமும் நடந்துகொண்டிருந்தது. தெருவில் யாருக்காவது லேசாகக் காய்ச்சல் என்றாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஏரலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அதற்குச் சில நாள் முன்னால் அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். அவருக்கே நல்ல ஜலதோஷம். ஒரு கையைப் பிடித்துக் குத்துவார், நம் முகத்துக்கு நேரே தும்முவார், அடுத்த கையைப் பிடிப்பார். சீக்கிரமே தெரு முழுக்க மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தது. "மருந்து வேலை செய்யுது" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அடுக்களையில் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. முதல் தும்மலுக்குச் சித்தி ஒரு செம்பைக் கீழே போட்டாள். இரண்டாவதற்குக் குத்துப்போணிப் பாத்திரத்தை உருட்டினாள்.

"உள்ள என்னமும் சண்டையா அண்ணாச்சி?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டது எங்களுக்குக் கேட்டது.

"பூனை" என்றார் அப்பா.

"ஏளா, மூச்சை அடக்கிக்கிட்டே போயிட்டு வந்திரு" என்று சித்தி காபித் தட்டைக் கையில் கொடுத்தாள். அடக்கிக்கொண்டுதான் போனேன். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் குனிந்தபோது வந்துவிட்டது. காபி பாதி தட்டில், மீதி அந்த அம்மாளின் சேலையில்.

அந்த அம்மாள் துள்ளி எழுந்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கா? கையைக் காட்டு!" அம்மை குத்திய இடத்தை உற்றுப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் மூக்கு இன்னும் ஒழுகுமே என்று அதையும் அடக்கினேன்.

அப்போது மாப்பிள்ளை தும்மினார். முற்றத்துச் சுவர் ஓரம் கட்டியிருந்த எங்கள் ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. அப்படி ஒரு தும்மல்.

"உங்களுக்குமா?" என்றார் அப்பா.

"எங்க ஊருக்கு அம்மை குத்த வந்த ஆளு தும்மிக்கிட்டே குத்துனான். அன்னையிலருந்து வீட்டுல எல்லாருக்கும் இதே கதைதான்" என்று மாப்பிள்ளை மூக்கைத் துடைத்தார். "இங்கருந்து கிளம்புற வரைக்கும் தும்மப்பிடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தா."

விசாரித்தால் அதே ஆள்தான். ஏரலில் குத்தி முடித்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார்.

அந்த அம்மாள் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறிவிட்டது. சித்தி எல்லாருக்கும் சுக்குத் தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள். அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஊரில் அம்மை தணிந்ததும் கல்யாணம் நடந்தது.