அக்கா தலைதட்டாத தகர டப்பா

என் பண்ணையைப் பார்க்க வருகிறவர்கள் வாய் பிளக்கிறார்கள். பிளக்கட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன், ஒற்றை மாட்டில் தொடங்கி எழுப்பிய கொட்டகை இது. ஆனால் அந்த நாள்களில் தீவன அறை மட்டும் என் ஆட்சியில் இல்லை. அது அக்காவின் ராஜ்ஜியம்.

அப்பா, அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அவள். தன் தட்டைக் காயப்போட்டு என் தட்டைக் குவிப்பாள். மாடுகளுக்கும் அதே கைதான். தீவனத்தைத் தகர டப்பாவில் தலைதட்டி அளக்கவேண்டும் என்பது என் சட்டம். அவளோ கோபுரமாய்க் குவிப்பாள். செல்ல மாடு சிவப்பிக்கு இரண்டு கோபுரம்.

சிவப்பி கொழுத்து மினுமினுத்தாள். சினை ஊசி போட்டவரும் உள்ளே கைவிட்டுப் பார்த்து, "கன்னுத் தலை தட்டுப்படுது" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை, இன்னும் குவித்தாள். ஈனும் நாள் நெருங்கியும் மடி இறங்கவில்லை. சாணம் சுண்டி உருண்டையானது. சிவப்பி தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மாட்டு டாக்டரம்மா தோள்வரை உறை மாட்டிப் பார்த்தார். ரத்தமும் எடுத்துப்போனார். மறுநாள் வந்தார்.

"கன்னு இல்லைங்க, கொழுப்பு. வயித்துக்குள்ள செத்துக் கல்லா இறுகிக் குடலை நெரிக்குது. ரத்தத்துலயும் கொழுப்பு தாறுமாறா இருக்கு. தீவனத்தைப் படிப்படியா குறைங்க. சட்டுனு நிறுத்தினா ஈரல் கெட்டுடும். கை தவறினா மாடு போயிடும்."

"வாயில்லா ஜீவனைப் பட்டினி போடவா? இவனையே நான் போட்டதில்ல!"

"அதான் இவரும் தொந்தியோட நிக்கிறாரா?"

என் தொந்தி உழைத்துச் சேர்த்த தொந்தி. அக்கா பக்கம் திரும்பினேன்.

"அளக்க வேற ஆளைப் போடறேன்க்கா."

"என் கையால கெட்டது என் கையாலயே தேறட்டும்டா."

மறுநாள் காலை டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்து வழித்தாள். வழிந்தது மூட்டைக்கே திரும்பியது. அளவு இறங்க இறங்க, பசி திரும்பிய சிவப்பி கத்துவாள். அக்கா சுவரைப் பார்த்தபடி வைக்கோலை உதறிப்போடுவாள்.

மாதங்கள் கழித்து டாக்டரம்மா கையை வெளியே எடுத்துச் சிரித்தார். "கட்டி நல்லா சுருங்கிடுச்சும்மா. பிழைச்சுக்கிட்டா."

"அப்ப ஒரே ஒரு பிடி..."

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

அன்று மதியம் என் தட்டில் சோறு கோபுரமாய் நின்றது. சிவப்பிக்கு மறுத்ததெல்லாம் எனக்கு விழுந்திருந்தது. அக்கா போன பிறகு, எவ்வளவோ சம்பாதித்தும், என் தட்டில் அளவாகத்தான் விழுகிறது.