முதல் பால்

ஆவுடைத்தாய் இருக்கும் வீட்டில் பூனை இருக்கும். முக்கூடலில் அவளுக்கு அடையாளம் சொல்ல வேண்டுமானால் 'பூனைக்கார ஆவுடை' என்றால் போதும், சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். சீவலப்பேரியில் வாழ்க்கைப்பட்டு, விவரம் தெரிவதற்குள் தாலியை இழந்து, புருஷன் வீட்டார் வாயில் விழுந்து புறப்பட முடியாமல் தவித்து, கடைசியில் பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தவள் அவள். பூனையும் கைம்பெண்ணும் குறுக்கே வந்தால் காரியம் உருப்படாது என்று நம்புகிற ஊர். வேண்டாதவர்கள் ஒரு மூலையில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

தாய் இல்லாத தம்பி குற்றாலலிங்கத்தை வளர்த்ததும் அவள்தான். பாளையங்கோட்டைக் கோர்ட்டில் குமாஸ்தா ஆகும்வரை அவனுக்குச் சோறு பிசைந்து போட்ட கை அது. குற்றாலலிங்கம் நல்ல பிள்ளை. எதிரில் யார் நிற்கிறாரோ அவருக்கு நல்ல பிள்ளை. அக்கா எதிரில் நின்ற காலமெல்லாம் அக்காவுக்கு நல்ல பிள்ளையாக இருந்தான். நாங்குநேரி பாபநாசம் பிள்ளை மகள் பிரம்மநாயகியைக் கட்டிய பிறகு மாமனார் எதிரில் நிற்க வேண்டியிருந்தது.

பிரம்மநாயகி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயத்தில், அவன் திருநெல்வேலியில் மேலரத வீதிக்குப் பின்னால் ஒரு முடுக்குச் சந்தில் வீடு பார்த்தான். அதை வாங்குவதற்கு முக்கூடல் வீட்டை விற்க வேண்டும். ஆவுடைத்தாய்க்கு உலகத்தில் இருந்த ஒரே கூரை அது.

"நான் எங்கன போவேன்லே?" என்று கேட்டாள்.

"என்னக்கா இப்படிக் கேக்க? நாம எல்லாரும்தான போறோம். நம்ம வீடுக்கா அது. பின்கட்டுல ஒனக்குன்னு ஒரு அறை இருக்கு, நீயும் ஒம் பூனையும் ராசாத்தி மாதிரி இருக்கலாம்."

நம்ம வீடு என்று தம்பி சொன்ன பிறகு அவளுக்கு வேறு என்ன உறுதி வேண்டும்?

புது வீட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. முன்னால் அதை நெல் அடைத்து வைக்கத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். சுவருக்குச் சுவர் எலி வளை. பிளேக் என்ற பேரைக் கேட்டாலே ஜனங்களுக்கு ஈரக்குலை நடுங்கிய வருஷங்கள் அவை. எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு தோப்புக்கு ஓடுவார்கள். எலி நடமாடும் வீட்டுக்கு மகளையும் பேரனையும் அனுப்ப மாட்டேன் என்று நாங்குநேரியிலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் பாபநாசம் பிள்ளை.

குற்றாலலிங்கத்துக்கு அக்காவின் பூனைகள் ஞாபகத்துக்கு வந்தன. அதுவரை அவற்றைக் கண்டால் காலால் எத்துகிறவன்தான்.

மூன்று பூனைகளையும் சாக்கில் போட்டு வண்டியில் கொண்டுவந்தாள் ஆவுடைத்தாய். தாய்ப்பூனை செவலை, அதன் குட்டிகளாக இருந்து வளர்ந்த புள்ளி, கருவாயன். பூனையைக் கொண்டுவருவது பெரிய காரியம் இல்லை, இருக்க வைப்பதுதான் பாடு. கதவைத் திறந்து விட்டால் பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிவிடும், வழியில் நாய் வாயில் போகும். அதனால் பின்கட்டு அறை ஒன்றில் அவற்றோடு தானும் அடைந்து கிடந்தாள். தான் உடுத்திக் கழித்த சேலையைத் துவைக்காமல் விரித்தாள், பழைய வாசனை இருக்கட்டும் என்று. முக்கூடல் அடுக்களையில் அவை படுத்துக்கிடந்த, அரிசி புடைக்கிற சுளகையும் கொண்டுவந்து போட்டாள். தேடிப் பிடித்துத் தூக்கமாட்டாள். சுவரோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டு தன் பாட்டுக்கு ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். குரல் கேட்டால் போதும், தானாக வரும்.

புள்ளியும் கருவாயனும் வந்தன. செவலை வரவில்லை. பரண் மூலையில் போய் ஒடுங்கியது, சோற்றை மோந்தும் பார்க்கவில்லை. நாளுக்கு நாள் விலா எலும்பு தெரிந்தது. இளஞ்சூட்டில் பால் வைத்தால் குடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பாலை எங்கே காய்ச்சுவது? பால் காய்ச்சிக் குடிபுகாத வீடு அது. நல்ல நேரம் பார்த்து, சுமங்கலி கையால் முதல் பால் பொங்கிய பிறகுதான் அந்த அடுப்பில் மற்றதெல்லாம். அதுவரை தனக்கே அவள் முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் பார்த்து ஐப்பசி அடைமழை கொட்டியது, முற்றத்தில் தீ நிற்கவில்லை.

பாளையங்கோட்டையிலேயே தங்கிக்கொண்டு, கோர்ட்டு முடிந்து எட்டிப் பார்க்க வந்த தம்பியிடம் சொன்னாள். "பக்கத்து வீட்டுல போயி காய்ச்சிட்டு வரட்டாலே?"

"பூனைக்குப் பாலுன்னு போயி நின்னா சிரிக்க மாட்டாவளா? நம்ம அடுப்புலயே காய்ச்சுக்கா."

"ஐயோ, முதல் பாலுலே! எங்கையால வேண்டாம்."

"நீ எனக்குத் தாயில்லாம வேற யாரு? பூனை செத்துட்டா எலி யாரு பிடிப்பா? பிள்ளையும் அவளும் எப்ப வருவாவ? காய்ச்சு, நான் சொல்லுதேன்."

தாய் என்றானே, அதில் அவள் உருகிப்போனாள். அடுப்பைப் பற்றவைத்து, பொங்கிவிடாமல் பார்த்துப் பார்த்துக் காய்ச்சினாள். செவலை பரணிலிருந்து பைய இறங்கி வந்து கிண்ணத்தை நக்கிக் காலி செய்தது. அப்புறம் அவள் மடியில் ஏறிச் சுருண்டது. அன்றைக்கு அவள் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

பிறகு ஒவ்வொரு அறையாகத் திறந்துவிட்டாள். தை பிறப்பதற்குள் வீட்டில் எலி வாடையே இல்லை. பூனைகள் அடுக்களை மேடையைத் தங்கள் சொத்தாக எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி படுத்துக் கிடந்தன. நாங்குநேரிக்குச் சேதி போயிற்று. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, முதல் நாளே பாபநாசம் பிள்ளை மகளோடும் பேரனோடும் வந்து இறங்கினார்.

மனிதருக்குக் கழுகுக் கண். நேராக அடுக்களைக்குள் போனவர் அடுப்பைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதென்ன கரி? யாரு அடுப்பு மூட்டினா?"

ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள் ஆவுடைத்தாய். "நான்தான். பூனை சாகக் கிடந்துது, கொஞ்சம் பால் காய்ச்சினேன்."

"அறுதலி கையால முதல் பாலா! அதுவும் பூனைக்கா!" பாபநாசம் பிள்ளை மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்ளே, இது ஒமக்குத் தெரியுமாவே?"

பிரம்மநாயகி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்படிக்குப் பின்வாங்கினாள். ஆவுடைத்தாய்க்குப் பயம் இல்லை. தம்பி சொல்லிவிடுவான், நான்தான் காய்ச்சச் சொன்னேன் என்று. திட்டு விழும், பரிகாரம் செய்வார்கள், அதோடு போகும். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் மாமனார் முகத்தைப் பார்த்தான்.

"எனக்கு எப்படித் தெரியும் மாமா? எங்க வீட்டுல முதல் பால் காய்ச்ச இவளுக்கு யாரு சொன்னா?"

எங்க வீடு. இத்தனை மாதமாக வாய்க்கு வாய் நம்ம வீடாக இருந்தது, ஒரு மூச்சில் எங்க வீடு ஆகிவிட்டது. அக்காவும் போய் இவள் ஆகிவிட்டாள். அவன் பொய் சொன்னதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அந்த ஒரு சொல் அவளைப் பிடித்து வெளியே முடுக்கில் நிறுத்தியது. நீதானலே சொன்ன என்று தொண்டைவரை வந்தது. சொன்னால் மாமனார் முன்னால் அவன் மானம் போகும், பெண்டாட்டியும் பிள்ளையும் திரும்பிப் போவார்கள். விழுங்கிவிட்டாள். பெற்ற தாய்கூட அந்த இடத்தில் வாயைத் திறந்திருப்பாள்.

அடுப்பை இடித்துப் புதிதாகப் போட்டார்கள். வீடு முழுக்கக் கோமியம் தெளித்தார்கள். மறுநாள் விடிந்ததும் குற்றாலலிங்கம் பின்கட்டுக்கு வந்தான். குரல் பழையபடி குழைந்திருந்தது.

"அக்கா, மனசுல வச்சுக்காத. மாமா ஒரு மாதிரி. எலிதான் போயிட்டுல்லா, நல்ல காரியம் நடக்கையில பூனை குறுக்க வரக்கூடாதுங்கார். ஆத்துக்கு அக்கரையில கொண்டு விட்டுரணுமாம். ஒங்கையிக்குத்தான் அதுக வரும். பிடிச்சுக் குடுத்துட்டேன்னா அவரு மனசு ஆறிரும். நீ பாட்டுக்குப் பின்கட்டுல இருந்துக்கலாம்."

நாற்பதைத் தாண்டியவள், போக்கிடம் இல்லாதவள். சுவரோரம் உட்கார்ந்து வழக்கம்போல ஏதோ பேச ஆரம்பித்தாள். குரல் கேட்டதும் மூன்றும் வந்தன. செவலை மடியில் ஏறி குறுகுறுவென்று முனகிக்கொண்டே முழங்கையில் முகத்தைத் தேய்த்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினாள். இப்படி ஒரு பாவத்தை அவள் அதுவரை செய்ததில்லை. செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

வாசலில் வண்டிக்காரன் சுடலைமாடனின் மாட்டுவண்டி நின்றது. சாக்கை அவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பப் போனவள் நின்றாள். வண்டிக்குள் அவளுடைய மரப்பெட்டி இருந்தது. அதன்மேல் அவள் தலையணையும் பாயும்.

"எங்கன போவுது வண்டி?"

சுடலைமாடன் மாட்டின் கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டான். "பூனைய அக்கரையில விட்டுட்டு, ஒங்கள சீவலப்பேரியில கொண்டு விடச் சொன்னாவ ஆச்சி. ஒங்க மாமனார் வீட்டுலன்னு."

நிலைப்படிக்குள் தம்பி நின்றான். மாவிலைத் தோரணத்தைச் சரிசெய்வதில் முனைப்பாக இருந்தான். அவனை அவள் கூப்பிடவில்லை. கூடியிருந்தவர்கள் பார்க்க, தலையைக் குனியாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாக்கை மடியில் வாங்கிக்கொண்டாள்.

வண்டி உடனே கிளம்ப முடியவில்லை. முடுக்கை அடைத்துக்கொண்டு கோயில் பசுவை வீட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே புது அடுப்பில் பால் பொங்கப்போகிற நேரம், பிரம்மநாயகி பட்டுச்சேலையில் நிற்கிறாள், பாபநாசம் பிள்ளை நிலைப்படியில் கைகூப்பி நிற்கிறார். சாக்குக்குள் செவலை அடித்தொண்டையில் அழுதது.

ஆவுடைத்தாய் முடிச்சை அவிழ்த்தாள்.

மூன்றும் துள்ளி விழுந்து, பசுவின் காலுக்குள் புகுந்து, பாபநாசம் பிள்ளையின் வேட்டியை உரசிக்கொண்டு உள்ளே பாய்ந்தன. பசு மிரண்டு கயிற்றை அறுத்தது. "சகுனம் கெட்டுதே! பிடிங்கலே!" என்று அவர் கத்தினார். பிடிக்கப்போனால் யார் கைக்கு அவை வரும்? மூன்றும் அடுக்களைக்குள் போய் மறைந்துவிட்டன.

செவலையாவது ஒரு தடவை திரும்பிப் பார்க்கும் என்று அவள் காத்திருந்தாள். அது பார்க்கவில்லை.

"ஆச்சி, பூனை?" என்றான் சுடலைமாடன்.

"அதுக இனி எங்கனயும் போகாது. நல்லாப் பழக்கிட்டேன்," என்றாள் ஆவுடைத்தாய். "நீ வண்டிய விடு."