வெர்பலில் நான் தேறிய விதம்

ஒரு பாராவைப் படித்து, அதற்குக் கீழே கேட்டிருக்கும் கேள்விக்கு அந்தப் பாராவிலிருந்தே பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பிடிபட நான்கு வருடங்கள் ஆயின. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத்தான் செய்கின்றன. நான் பொறியியல் படித்தவன். அதனால் கொஞ்சம் தாமதம்.

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை நான் நான்கு தடவை எழுதினேன். கணக்கில் எனக்குக் குறையே இல்லை. வெர்பல் என்று இன்னொரு பகுதி உண்டு. ஆங்கிலத்தில் நீளநீளமாகப் பாரா கொடுத்து, எழுதியவர் என்ன சொல்கிறார், எதை நம்பி அப்படிச் சொல்கிறார் என்று குடைவார்கள். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக ஓர் எல்லையைத் தாண்டினால்தான் நல்ல கல்லூரிகள் கூப்பிடும். வெர்பலில் நான் எல்லையைத் தூரத்திலிருந்து பார்த்துக் கையசைத்துவிட்டு வருகிறவன்.

முதல் வருடம், வார்த்தை தெரியாததுதான் சிக்கல் என்று நினைத்து அகராதியை மனப்பாடம் செய்தேன். எங்கள் ஊரான கொட்டாரத்தில் வீட்டுச் சுவர் முழுக்க ஆங்கில வார்த்தைகளை எழுதி ஒட்டினேன். ஒருநாள் அவியலை ஒரு வாய் தின்றுவிட்டு, "இன்சிப்பிட்" என்றேன்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"உப்பு ஒறப்பு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"உப்பில்லன்னா உப்பில்லன்னு சொன்னா போதும்லா மக்கா. அதச் சொல்லதுக்கா ஒரு வருசம் வேலைக்குப் போகாம வீட்டுல கெடக்க?"

தேர்வில் அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. உப்பில்லாத அவியல் மட்டும் அதன்பிறகு அடிக்கடி வந்தது.

நான்காம் வருடம் நாகர்கோவிலில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். மரக்கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. ஏழு பெஞ்சு, பதினான்கு பேர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை காலை மாதிரித் தேர்வு, மத்தியானம் மதிப்பெண். வெர்பல் மதிப்பெண்ணை வைத்து, அடுத்த வாரம் யார் எந்தப் பெஞ்சில் என்று சார் வாசிப்பார். கூடியவர்கள் முன்னால், குறைந்தவர்கள் பின்னால். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் எழுந்து இடம் மாறுவோம். பின்னால் போகிறவன், முன்னால் வருகிறவனுக்கு வழி விட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். எனக்கு மட்டும் அந்தச் சிரமம் இல்லை. கடைசிப் பெஞ்சின் சுவரோரம் எனக்கு நிரந்தரம். என் தலை பட்டுப்பட்டு அங்கே சுவரில் ஓர் எண்ணெய் வட்டமே விழுந்திருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தேங்காய்ப்பட்டணத்துக்காரி. என்னைவிட மூன்று வயது இளையவள். அண்ணா என்று கூப்பிடுவாள். அவள் அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்பவர். கால் முட்டு தேய்ந்துபோய் இப்போது நிற்க முடிவதில்லை. அண்ணன் மஸ்கட்டில். அவன் தங்கைக்கு ஒரு வருடம் கொடுத்திருந்தான். இந்த ஒரு தேர்வு. இடம் கிடைத்தால் படிக்கப் போகலாம். கிடைக்காவிட்டால் அம்மாவின் இடத்தில் துறைமுகத்தில் நிற்க வேண்டும்.

"எனக்கு இது ஒண்ணுதான் அண்ணா. ஒங்கள மாதிரி வருசாவருசம் எழுத எங்க வீட்டுல விடமாட்டாவ" என்றாள், முதல் வாரமே. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனாலேயே கூடுதலாகக் குத்தியது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. பாராவில் சொல்லியிருப்பதை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்ததைக் குறித்துவிட்டு வருவது. எங்கள் பக்கத்தில் பேப்பர் படிக்கிற யாரும் பேப்பரில் இருப்பதோடு நிற்பதில்லை. டீக்கடையில் ஒருவர் செய்தியைச் சத்தமாக வாசிக்கத் தொடங்குவார். இரண்டாவது வரிக்குள், "அது அப்பிடி இல்ல, சங்கதி என்னன்னா" என்று இன்னொருவர் ஆரம்பித்துவிடுவார். கடைசியில் சங்கதி என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். செய்தி என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அந்த மாதிரிக் கடைகளில் டீ குடித்து வளர்ந்தவன் வெர்பல் எழுதினால் எப்படி இருக்கும்?

ஒரு பாராவில், ஏதோ ஒரு நாட்டில் விவசாயிகள் நெல்லைக் கைவிட்டார்கள். தண்ணீர் இல்லாததுதான் காரணம் என்றது பாரா. நான், நிலத்தின் விலை ஏறியதுதான் காரணம் என்று குறித்தேன். கொட்டாரத்தில் வயல்கள் கல் நட்டு மனைகளானதைக் கண்ணால் பார்த்தவனாயிற்றே. சார் என் பெஞ்சுக்கு வந்தார்.

"பாராவுல அது எங்க இருக்கு? விரல வச்சுக் காட்டு."

"பாராவுல இல்ல சார். ஆனா உண்மை அதாக்கும்."

"ஏலே, உண்மையக் கொண்டு போயி ஒனக்க வீட்டுல வையி. இங்க விரல வையி."

அவளுக்கு வந்தது கடல். மீன்பிடிப்பு குறைந்தது ஏன் என்று கேள்வி. கடல் நீர் சூடானதால் என்றது பாரா. பெரிய விசைப்படகுகள் அரித்துக்கொண்டு போனதால் என்று குறித்திருந்தாள் இவள். அவளிடமும் சார் விரலை வைக்கச் சொன்னார். வைக்க இடம் இல்லாமல் அவள் விரல் காற்றில் நின்றது.

அன்று நான் சார் மாதிரிப் பேசிக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைத்தேன். அவள் ஒரு நோட்டு வாங்கினாள். தப்பிப்போன ஒவ்வொரு கேள்வியையும் அதில் எழுதினாள். தான் குறித்த பதில் எது, ஏன் அதைக் குறித்தாள் என்று தமிழில் ஒரு வரி. அந்தப் பதிலைப் பாராவின் எந்த வரி தடுக்கிறது என்று இன்னொரு வரி. 'அவசரத்தில் கடைசி வரியை விட்டேன்.' 'இது எனக்குத் தெரிந்தது, பாரா சொன்னதல்ல.' 'கடலை மற. பாராவை நம்பு.' சார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தேர்வுக்கு முந்தின பத்து நாள் புதிதாக ஒன்றும் போட வேண்டாம், இதை மட்டும் திரும்பத் திரும்பப் படி என்றார்.

அவள் ஏறத் தொடங்கினாள். ஐந்தாவது பெஞ்சு, நான்காவது, இரண்டாவது. என் பக்கத்தில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பஸ் வந்ததும் ஏறிப் போகிறவர்களைப் போல அவர்களும் போனார்கள். எனக்குச் சிரிக்க வைப்பது ஒன்றுதான் கைவந்த தொழில். அதைக் கையில் எடுத்தேன்.

வகுப்பில் ஒவ்வொருவராகப் பாராவைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவள் வாசித்தால் ஆங்கிலமும் கடலோரத்து ராகத்தில் ஏறி இறங்கும். அவள் முடித்ததும் அதே வரியை அதே ராகத்தில் நான் பின்னாலிருந்து இழுத்தேன். வகுப்பு உருண்டு சிரித்தது. சார் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. முதல் தடவை அவளும் சிரித்தாள். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. ஐந்தாம் தடவைக்குப் பிறகு, தன் முறை வரும்போது தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லத் தொடங்கினாள். நான் வெற்றி பெற்றவனைப் போல எண்ணெய் வட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, மாடிப் படியில் அவளை நிறுத்தினேன்.

"மக்கா, நோட்ட ஒரு நாளைக்குத் தாயேன். நகல் எடுத்துட்டுக் காலையில கொண்டு வாறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல் பேசியதால் நம்பியிருக்க வேண்டும்.

"நாளைக்குக் கண்டிப்பாட்டு வேணும் அண்ணா. நான் படிக்கத் தொடங்கணும்."

நகல் அன்று சாயங்காலமே எடுத்துவிட்டேன். கால்மணி நேர வேலை. நோட்டு என் மேசையில் பத்து நாள் கிடந்தது. மறுநாள் காலை நான் அதை எடுக்காமல் கிளம்பியது மறதி, அது சத்தியம். அடுத்த நாள் முதல் அது மறதி இல்லை. வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லவும் அப்போது தைரியம் கிடையாது. அவள் கேட்டாள், நான் கொடுக்கவில்லை, எனக்கு அது சுகமாக இருந்தது. என் வாழ்க்கையில் வெர்பலில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

போனில் கேட்டாள்.

"அண்ணா, எனக்க நோட்டு?"

"அது இப்பம் மயிலாடியில இருக்கு மக்கா. அத்த வீட்டுல மறந்து வச்சிட்டேன். அங்க உள்ள சிற்பிமாரு கண்ணுல பட்டா கல்லுல கொத்திருவாவ. பெறவு அழியவே அழியாது, பயப்படாத."

அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. "எனக்கு அதப் படிக்கணும். வேற ஒண்ணும் என்கிட்ட இல்ல அண்ணா."

"நாளைக்கு."

மயிலாடியில் எனக்கு அத்தை யாரும் கிடையாது.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, காலை பதினொரு மணிக்கு அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நாகர்கோவில், அங்கிருந்து இன்னொரு பஸ். ஜன்னல் வழியாகப் பார்த்ததும் நான் அம்மாவிடம் கையைக் காட்டிவிட்டு அறைக்குள் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன். நகல் என் நெஞ்சின் மேல் இருந்தது.

"அவன் வெளிய போயிருக்கானே. நீ எங்கேருந்து வாற?"

"தேங்காப்பட்டணம், ஆன்டி."

"ஓ, கடப்பொறமா?" கடற்கரை ஆட்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எந்த டம்ளரில் கொடுத்தாள் என்பதை எழுதக் கை வரவில்லை.

"எனக்க நோட்டு ஒண்ணு அண்ணன்கிட்ட இருக்கு. நீல அட்ட. மேசையில இருக்கான்னு ஒருக்கா பாப்பியளா?"

"அவனுக்க மேசையில நான் கை வைக்கதில்ல மக்கா. வந்தான்னா சொல்லுகேன்."

வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கிடந்தேன். அம்மா அறை வாசலில் வந்து நின்றாள்.

"பாவம், வெயில்ல வந்திருக்கா. ஏலே, அது என்ன எளவு நோட்டு?"

"ரஃப் நோட்டு" என்றேன்.

தேர்வு மையம் திருவனந்தபுரத்தில். வாசலில் வரிசை நின்றது. நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். "இன்னா பிடி. கோயில் பிரசாதம் மாதிரி ஒருக்கா கண்ணுல ஒத்திட்டு உள்ள போ." அவள் வாங்கி இரண்டு பக்கம் திறந்தாள். அதற்குள் பைகளை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். பைகளின் குவியலில் நோட்டும் போயிற்று.

வெர்பலில் மூன்றாவது பாரா ஒரு துறைமுகத்தைப் பற்றியது. அலைத் தடுப்புச் சுவர் கட்டியதால் ஒரு கரையோரக் கிராமம் செழித்தது என்றது பாரா. நான் வயல்காட்டு ஆள்; கடலைப் பற்றி எனக்கு எந்த உண்மையும் தெரியாது. இருந்தாலும் அவள் எழுதிய வரி ஞாபகம் வந்தது. கடலை மற. பாராவை நம்பு. திரையில் விரலை வைத்து வரிவரியாகத் தேடினேன். மேற்பார்வையாளர் வந்து, திரையைத் தொடக்கூடாது என்று திட்டிவிட்டுப் போனார். கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாலேயே விரல் வைத்தேன். நான்கு கேள்வியும் சரி.

முடிவு வந்தது. நான் எல்லையைத் தாண்டிவிட்டேன். அவள் கணக்கில் என்னைவிட எங்கேயோ மேலே. வெர்பலில் எல்லைக்கு இரண்டு கேள்வி குறைவு.

வகுப்பில் சார் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். அவளிடம் எங்கே விட்டாய் என்று கேட்டார்.

"துறைமுகம் பாராவுல சார். மூணு தப்பு. அதுல எழுதியிருக்கது பொய்யாக்கும். செவரு கெட்டினா பக்கத்து ஊர கடலு தின்னும். நான் கண்டிருக்கேன்."

"நீ கண்டது சரி. விரல வச்சியா?"

"மறந்துட்டேன் சார்."

அடுத்து என்னை முன்னால் கூப்பிட்டார். "வந்த நாள்லேருந்து கடைசிப் பெஞ்சு. இப்பம் பாருங்க. ஏலே, எப்பிடி ஏறினேன்னு இவங்களுக்குச் சொல்லு."

உண்மையைச் சொல்ல எனக்கு அப்போது ஒரு வரி போதுமாயிருந்தது. அவள் முதல் பெஞ்சில், என்னிடமிருந்து நான்கு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் உழைப்பு என்றேன். விடாமுயற்சி என்றேன். அம்மாவின் உப்பில்லாத அவியல் என்றேன். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவள் தன் பழைய மாதிரித் தேர்வுத் தாள்களை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, சாரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு படியிறங்கினாள். நான் அடுத்த வேடிக்கைக்குப் போய்விட்டேன்.

நோட்டு அவள் கையில் இருந்திருந்தாலும் அந்தப் பாராவில் விழுந்திருப்பாள் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானத்துக்கு விரலை வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

எனக்கு இடம் கிடைத்து, கல்லூரிக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது தேங்காய்ப்பட்டணம் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் திருத்தித் திருத்தி அடுக்கினேன். வேடிக்கை ஒன்றும் சேர்க்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். துறைமுகத்தில் படகுகள் வந்த நேரம். ஏலக்கூடத்தில் தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். அவள் ரப்பர் செருப்போடு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சூரை மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்றாள். அம்மாவைக் காணவில்லை.

நான் கிட்டே போய், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். "அன்னைக்கு நீ வந்தப்பம் நான் வீட்டுலதான் இருந்தேன். நோட்டு மேசையிலதான் இருந்தது. வேணுமின்னே தராம வச்சிருந்தேன். எனக்குக் கெடச்சது ஒனக்க நோட்டால. தப்பு மக்கா."

அவள் ஒரு பெட்டியைக் காலால் நகர்த்தி, மேலே கிடந்த ஐஸைக் கையால் தள்ளி, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"மீனு எடுக்கியா? இல்லன்னா தள்ளி நில்லு."