மகேசன் அண்ணை கேட்ட மன்னிப்பு

ஞாயிறு காலை தொலைபேசியை எடுத்ததும் எலேனாவின் அழுகைதான் கேட்டது. "மகேசன் போய்விட்டார்" என்றாள். மாரடைப்பு. பென்டில் ஹில்லில் அவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அவள்தான் அம்புலன்ஸை அழைத்திருக்கிறாள். சிட்னியில் அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் செய்தி சொல்லும் வேலை எனக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தில் சீனாவின் பக்கம் நின்ற பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பத்து வருடம் உழைத்தவர் அண்ணை. செவன் ஹில்ஸில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலைக்கு எலேனா வந்தது, அவளுடைய நாடான சிலியின் சோஷலிச அரசை இராணுவம் கவிழ்த்த மறு வருடம். அவளுடைய கணவர் பள்ளி ஆசிரியர், சோஷலிஸ்ட். இராணுவம் வீட்டுக்கு வந்து அவரைக் கொண்டுபோனது. பிறகு தகவலே இல்லை.

முதல் நாளே சாப்பாட்டு அறையில் அண்ணை அவளைத் "தோழர்" என்று அழைத்து, பீக்கிங்கிலிருந்து வந்த சஞ்சிகை ஒன்றை நீட்டினார். அவள் தொடவில்லை.

"எங்களைக் கொல்கிறவர்களோடு உங்கள் பீக்கிங் இன்னும் உறவு வைத்திருக்கிறது. தெரியுமா?"

அண்ணை விடவில்லை. அது அரசாங்கங்களுக்கு இடையிலான விடயம், புரட்சியின் பாதையில் இப்படியும் வரும் என்று விளக்கத் தொடங்கினார். அவள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள்.

அந்த வாரம் முழுவதும் அவர் நூலகத்தில் பழைய பத்திரிகைகளை வாசித்தார். வெள்ளிக்கிழமை, எல்லோரும் பார்த்திருக்க அவளுடைய மேசைக்குப் போனார். "நீ சொன்னது சரி. கணவனைத் தேடுகிறவளுக்கு நான் பாடம் எடுத்தேன். மன்னித்துக்கொள்." எலேனா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவரிடம் கொடுத்தாள்.

ஊர்த் தோழர்களுக்கும் இதை எழுதினார். துரோகி என்று பதில் வந்தது. கட்சியில் இருந்த சொந்தத் தம்பியே கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார்.

"கவலையில்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"கவலைதான், ஏன் இல்லையெண்டு சொல்லவேணும்? ஆனா அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்து நியாயம் கதைச்சன் பார், அதுதான் இன்னும் சுடுது."

சிலி மக்களுக்காக நகரில் நடந்த ஊர்வலங்களில் எலேனாவின் கணவருடைய படத்தை அவளோடு சேர்ந்து பிடித்துக்கொண்டு அண்ணை நடந்தார். கணவர் கிடைக்கவில்லை. தம்பியும் கடைசிவரை எழுதவில்லை.

அந்த முதல் நாள் நானும் அதே மேசையில் இருந்தேன். அண்ணை பீக்கிங்குக்காகப் பேசப் பேச, ஓம் ஓம் என்று தலையாட்டியவன் நான். யாரும் கேட்கவில்லை என்பதால் அதைப்பற்றி அவளிடம் இத்தனை வருடமும் பேசாமலே இருந்துவிட்டேன். அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய துணிவில் ஒரு சிறு பங்கு. புதன்கிழமை தகனம் முடிந்து வாசலில் நின்ற எலேனாவிடம் போய், அன்று நானும் தலையாட்டினேன் என்று சொன்னேன்.

"எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.