மான் நிற்கும் சரிவு

ஈரமான பைன் மரத்தூளின் மணம் முதலில் வாசலுக்கு வரும், அதன் பிறகுதான் அப்பா வருவார். யாழ்ப்பாணத்தில் வாய்க்கால்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர், தொண்ணூறுகளில் ஆக்லாந்துக்கு வந்து மரம் அறுத்து விற்கும் ஒரு "மரக்காலை"யில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. அங்கே த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் வாடகை வீடு. அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் மான் வேட்டைப் பைத்தியங்கள். மேற்பார்வையாளர் பில் ஒருநாள் அவரையும் மலைக்குக் கூப்பிட்டபோது, சுடுகிற "துவக்கை"த் தொடமாட்டேன், ஆனால் மான் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லுவேன் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

என்ன துணிச்சல் பாருங்கள்! நூலகத்தில் கழித்துவிட்ட அமெரிக்க வேட்டை இதழ் ஒன்றுதான் அவருடைய முழு மூலதனம். கழுதைபோல் நீண்ட காதுள்ள அந்த ஊர் மலைமான்களில், ஆண்மான்கள் கோடையில் உச்சிப் புல்வெளியில் கூட்டமாக மேயும் என்றும், இலையுதிர்காலம் தொடங்கியதும் கூட்டம் கலைந்து வெயில் படாத வடக்குச் சரிவுக் காட்டுக்குள் ஒளியும் என்றும் அதில் இருந்தது. அங்கே செப்டம்பரில் வரும் இலையுதிர்காலம் இங்கே மார்ச்சில் வருகிறதே, மானும் வேறு மானாயிற்றே என்று எனக்கு ஒரே குழப்பம். "மாதத்தை மாத்தினாச் சரி" என்பார் அப்பா. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது" என்று அம்மா குசினியிலிருந்து சொல்லுவார். ஆனால் அப்பாவுக்கு அது விளையாட்டல்ல. பலகை தூக்குகிறவன் என்றில்லாமல், யோசிக்கத் தெரிந்த மனுஷன் என்று ஒருமுறையாவது அவர்கள் தன்னைப் பார்க்கவேண்டும் என்று தவித்தார். அது எனக்கே விளங்கியது.

அவர் மலைக்குப் போன மறுநாள், ஞாயிறு மதியம், வழியோரப் பெட்ரோல் நிலையம் ஒன்றிலிருந்து பில் அழைத்தார். அவருடைய வேகமான ஆங்கிலம் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. நான் வாங்கிக் கேட்டேன். எந்தப் பக்கம் என்று சொல்லாமல் விடியும்போது தனியாக மான் பார்க்கப் போன அப்பா திரும்பவில்லையாம். தெற்குச் சரிவு முழுக்கத் தேடிவிட்டார்களாம். சத்தம் கேட்டு வரட்டும் என்று வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே இருக்கிறார்களாம், பதிலே இல்லையாம். அதை அம்மாவிடம் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது.

அம்மா அழவில்லை. "அவர் வடக்குச் சரிவிலதான் நிப்பார். புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு, அங்க போகச் சொல்லு," என்றார். பிறகு என் தோளை இறுக்கிப் பிடித்தார். "சுடவேண்டாம் எண்டு சொல்லு, பிள்ளை. வெடிச்சத்தம் கேட்டா அவர் எழும்பமாட்டார். கிடந்த இடத்திலயே கிடப்பார். பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லு."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் என்று பில் கேட்டார். ஏன் என்று எனக்கும் தெரியாது. அம்மாவைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாது, ஆனால் சுடவேண்டாம் என்று திரும்பவும் சொன்னேன்.

பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். வடக்குச் சரிவில் ஒரு விழுந்த மரத்தின் கீழே, முகம் மண்ணில் பட, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு கிடந்தாராம். கால் சுளுக்கவில்லை, வழியும் தவறவில்லை. மான்கள் மட்டும் தெற்குச் சரிவில் நின்றிருக்கின்றன.

வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்தபடி, "இந்த நாட்டில வெயில் வடக்கால வருது. நிழல் தெற்கில. மாதத்தை மாத்தினன், திசையை விட்டிட்டன்," என்றார். பிறகு தலை நிமிராமலே அம்மாவிடம் கேட்டார்: "நான் எழும்பமாட்டன் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊரில ஷெல் விழுந்த அண்டைக்கு, பக்கத்தில படுத்துக் கிடந்தது ஆர்?" என்றார் அம்மா. என்னைக் காட்டி, "நடுவில இவளும் கிடந்தவள்," என்றார். அப்பா எழுந்து கை கழுவப் போனார்.

அந்த மரக்காலை இப்போது இல்லை. அங்கே அடுக்குமாடி வீடுகள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அது எந்த நாள், எந்த வீடு, எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோம் என்று எனக்கு ஒன்றும் நினைவில்லை. நடுவில் கிடந்தவள் நான்தான். கேட்பதற்கு இரண்டு பக்கமும் ஆளில்லை.